மூன்றாம் நாற்காலியும் இடது குதிகாலும்

1

ஆண்டுதோறும் நம் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்கு நான் ஒரு கட்டுரை அனுப்புவது நீங்கள் அறிந்ததே. சிங்கப்பூர்த் துறைமுகத்தைப் பற்றி எழுதினேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றி எழுதினேன். சென்ற ஆண்டு, தெருவில் ஒரு காகிதத் துண்டும் கிடக்காத இந்நகரத்து ஒழுங்கைப் பற்றி எழுதினேன். அவற்றைப் படித்தவர்கள், அந்தோணிசாமி சீராகத்தான் வாழ்கிறான் என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி. அப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பங்குனியோடு நான் இங்கே கப்பலிறங்கி முப்பத்து நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. அந்த நாளை நினைவுகூர்ந்து பாதாள ரயிலுக்காக ஊரெங்கும் தோண்டிவரும் பள்ளங்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் தாளை எடுத்தேன். எழுத உட்கார்ந்ததும் இடது குதிகால் வலித்தது. ஆகவே குதிகாலைப் பற்றி எழுதுகிறேன். மலரின் தரத்துக்கு இது குறைவு என்று ஆசிரியர் கருதினால் திருப்பி அனுப்பிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

2

புக்கிட் பாத்தோக் என்னும் மேற்குப் பகுதிப் புதுநகரில், பதினோராம் மாடியில் மகன் ஜூலியனின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்து மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டுமே நிற்கும். எனவே எங்கே போய்த் திரும்பினாலும் இரண்டு மாடி ஏறியாக வேண்டும். கடந்த ஐப்பசி வரை அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

ஒருநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி இடக்காலை ஊன்றியபோது, தரையில் ஆணி கிடக்கிறது என்று எண்ணினேன். குனிந்து பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. பத்தடி நடந்ததும் வலி குறைந்தது. மறுநாள் காலை அதே ஆணி. பகலில் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அதே ஆணி. இவ்வாறு ஐந்து மாதம்.

மகனும் மருமகள் ஐரீனும் ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் எனக்கான செய்தி ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும்: சோறு இருக்கிறது, குழம்பைச் சூடாக்கிக்கொள்ளவும். இருவரும் நல்லவர்கள். அவர்களிடம் நான் வலியைச் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பேத்தி மட்டும் ஒருநாள், “தாத்தா, வை யூ வாக்கிங் லைக் தட்?” என்று கேட்டாள். முன்பாதத்தால் நடப்பது ஒரு தேகப்பயிற்சி என்றேன். அவள் அதை நம்பி, கூடத்தில் இரண்டு சுற்று அப்படியே நடந்து பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள்.

நம் பக்கத்தில் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை ஊன்றி எடுப்பது வழக்கம். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு பூக்கடையில் எருக்கமாலை தொங்குவதைப் பார்த்திருந்தேன். போய் இலை மட்டும் கேட்டேன்.

பூக்காரர் என் சட்டைக்கு வெளியே தெரிந்த சிலுவையைப் பார்த்தார். “பிள்ளையாருக்குங்களா அண்ணே?” என்றார்.

“நண்பர் ஒருவருக்கு,” என்றேன்.

“நண்பருக்குக் குதிகாலா? ஏழெட்டு இலை கட்டித் தரேன். செங்கல்லு வச்சிருக்காரா அவரு?”

அதுதான் இல்லை. வானளாவக் கட்டிக்கொண்டே இருக்கும் இந்நகரில், தனி ஒருவனுக்கு ஒரு செங்கல் கிடைப்பது அரிது. சிராங்கூன் சாலையோரம் பழைய கடைவீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்க் கேட்கலாம். ஆனால் முப்பதாண்டு தலைமை எழுத்தராக இருந்தவன், கழுத்தில் சிலுவையோடு, இடிபாட்டில் செங்கல் பொறுக்குவதைத் தெரிந்தவர் எவரேனும் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எண்ணித் திரும்பிவிட்டேன். எருக்கிலை மூன்று நாள் என் அலமாரியில் வாடிக் கிடந்தது.

3

மறைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றவை விளங்கா.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குத்தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவார். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் சடங்கு இது. கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காக எழுதுகிறேன். பன்னிருவரும் வெறுங்காலோடு வரிசையாக நடந்து, மூன்று படியேறி, பீடத்தின் முன்னே போட்ட நாற்காலிகளில் அமர்வார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக மூன்றாம் நாற்காலி என்னுடையது.

அலுவலகத்தில் என் மேசையை, நான் ஓய்வுபெற்ற மறுவாரமே வேறொருவர் எடுத்துக்கொண்டார். வீடு மகனுடையது. மனைவி ரோசம்மாள் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்நகரில் இது அந்தோணிசாமியின் இடம் என்று சொல்லத்தக்கதாக எஞ்சியது அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஏழாம் நாற்காலி லாசருடையதாக இருந்தது. லாசர் என்னோடு ஒரே கப்பலில் வந்தவர், ஒரே மாவட்டத்துக்காரர், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். இரண்டாண்டுக்கு முன் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. கைத்தடியோடு வந்தார். பங்குப்பேரவைக் கூட்டத்தில் செயலாளர் ஆரோக்கியம், “படியேற முடியாத பெரியவங்க இளையவங்களுக்கு விட்டுக்கொடுத்தா நல்லது,” என்றார். ஆரோக்கியம் பள்ளி ஆசிரியர், நாற்பது வயதிருக்கும், தவறாகப் பேசுகிறவரல்லர். கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், லாசர் என் நண்பர் என்பதால்.

“சடங்கில் ஒழுங்கு முக்கியம்,” என்றேன் நான்.

லாசர் சரி என்று மட்டும் சொன்னார். அன்று முதல் கடைசி வரிசையில் உட்காருகிறார். பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறிவிடுவார். அவர் இடுப்பைப் பற்றி அவரிடம் நான் பேசியதே இல்லை.

இப்போது என் குதிகாலை நான் ஏன் மறைத்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

4

பெரிய வியாழனுக்கு மூன்று மாதம் இருக்கையில், வீட்டாருக்குச் சொல்லாமல் அரசு மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து ஒரு கடிதம். கடிதத்தோடு மருத்துவமனை. அங்கே ஓர் எண்சீட்டு, ஓர் அட்டை, மூன்று படிவங்கள். எல்லாவற்றிலும் கடைசிப் பெயர் கேட்டார்கள். நம் வழக்கத்தில் கடைசிப் பெயர் எது? அடையாள அட்டையில் இருந்தபடி தகப்பனார் பெயரை எழுதினேன். ஆகவே தாதி வெளியே வந்து, “சவரிமுத்து, சவரிமுத்து,” என்று அழைத்தாள். இறந்து நாற்பதாண்டு ஆன என் தகப்பனார் குதிகால் வைத்தியத்துக்கு அழைக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவருக்குப் பதிலாக எழுந்து போனேன்.

மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். குதியெலும்பின் அடியில் ரோஜா முள்போல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வலிக்குக் காரணம் முள் அன்று, பாதத்தின் அடியில் ஓடும் நாரிழை புண்பட்டதே என்றார். சிறுநீரகக் கல்லை உடம்புக்கு வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி உடைப்பதாகச் செய்தித்தாளில் படித்திருந்தேன். இதற்கும் அது உதவாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கல்லுக்கு வந்துவிட்டது, குதிகாலுக்கு இன்னும் வரவில்லை, அதுவரை ஒலியலை இருக்கிறது என்று இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, எட்டு வாரம்.

அங்கே இருந்தவர் விமலா என்னும் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். சிராங்கூனில் வீடு, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என் காலை ஒரு தலையணைமேல் வைத்து, குளிர்ந்த களிம்பு தடவி, சின்னக் கரண்டியளவு உலோகத் தலையொன்றைக் குதிகாலில் வட்டவட்டமாகத் தேய்த்தார். இயந்திரத்திலிருந்து காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போகிறதாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

“சூடா இருந்தா சொல்லுங்க அங்கிள். குத்துற மாதிரி இருந்தாலும் சொல்லணும். ஷை பண்ணக்கூடாது லா.”

“சரி.”

“இப்ப வலிக்குதா?”

“இல்லை.”

ஆண்டுக்கு ஒருமுறை பங்குத்தந்தையைத் தவிர வேறு எவரும் என் பாதத்தைத் தொட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பெண்பிள்ளை என் காலைக் கையில் பிடித்திருக்கையில் வலிக்கிறது என்று முனகுவது எனக்கு ஒவ்வவில்லை. கல்லூரி விடுதியில் காய்ச்சலோடு தேர்வெழுதியவன் நான். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அலுவலகத்தில் முப்பதாண்டில் நான் எடுத்த மருத்துவ விடுப்பு ஆறே நாள்.

உண்மையில் குத்தியது. இரண்டாம் வாரமும் கேட்டார், இல்லை என்றேன். மூன்றாம் வாரம், முந்தைய வாரத்தைவிடத் தேவலையா என்று கேட்டார். மிகவும் தேவலை என்றேன். ஒவ்வொரு முறையும் அட்டையில் குறித்துக்கொண்டார். நாள் முழுதும் ஆட்கள் வரிசையில் இருந்ததால் அவருக்கு நேரம் குறைவு. ஆயினும் தேய்க்கும் அந்த ஏழெட்டு நிமிடமும் தமிழில் பேசுவார். தம் தாயார் மீன்குழம்பில் புளி அதிகம் விடுவதைப் பற்றி. பேருந்து நடத்துநரில்லாமல் ஓடத் தொடங்கியதைப் பற்றி. செவ்வாய்க்கிழமைகளில் நான் சற்று முன்னதாகவே போய்விடுவேன்.

எட்டாம் வாரம் மருத்துவர் அட்டையைப் பார்த்தார். வலி இல்லை, வலி இல்லை, குறைந்துள்ளது, வலி இல்லை. என் கையைக் குலுக்கி, குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றார். நன்றி சொன்னேன். வெளியே வந்து பேருந்துப் படியில் இடக்காலை வைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

5

அடுத்த செவ்வாயும் குளித்து, உடுத்து, பேருந்தேறி, மருத்துவமனைக்குப் போய்விட்டேன். மறதி என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். காத்திருப்போர் வரிசையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரைமணி கழித்து, தண்ணீர் குடிக்க எழுந்து குழாய்வரை நடந்தேன்.

“அங்கிள்.”

விமலா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“அங்கேயே நில்லுங்க. இடது செருப்பக் கழட்டுங்க.”

என் தோல்செருப்பைக் கையில் வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வலதையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே பிடித்தார். வலதின் குதி தேய்ந்து சாய்ந்திருந்தது. இடதின் குதி கடையில் வாங்கியதுபோல் இருந்தது. முன்பக்கம் மட்டும் ஓட்டையாகும் நிலையில் இருந்தது.

“நீங்க ஒண்ணு சொல்றீங்க, செருப்பு வேற சொல்லுது. எட்டு வாரம் என்கிட்ட கதையா விட்டீங்க?”

“கொஞ்சம் இருந்தது,” என்றேன்.

“கொஞ்சமா?”

செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது. “தப்பு என்னுதும்தான். ட்ரெய்னிங்ல சொல்லித்தான் கொடுத்தாங்க, வயசானவங்களை ரெண்டு தடவ கேக்கணும்னு. மொதத் தடவ மரியாதைக்கு இல்லைம்பாங்க. ரெண்டாவது தடவ கேட்டாத்தான் உண்மை வரும். ஆளு நிறையன்னு நான் ஒரு தடவையோட எழுதிக்கிட்டே போயிட்டேன்.”

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. ரோசம்மாளின் கடைசி ஆண்டில், காலையில் வாசலில் நின்று காலணிக் கயிற்றைக் கட்டியபடி, வயிறு எப்படியிருக்கிறது என்று நாள்தோறும் கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். குனிந்த தலையை நான் நிமிர்த்தியதில்லை. பிறர் பாராட்டும்போது, வாய் திறந்து முறையிடாதவள் என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். பத்து மாதம் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு தடவைதான் கேட்டேன்.

விமலாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மீண்டும் சிகிச்சை தொடங்க வேண்டுமானால் புதிய கடிதம் வேண்டும் என்றும், முறை வர மூன்று வாரமாகும் என்றும் விளக்கினார்.

“பெரிய வியாழன் அடுத்த வாரம்,” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பிறகு நாற்காலி, படிகள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கவனமாகக் கேட்டார்.

“ஃபாதர் எந்தக் காலக் கழுவுவாரு?”

“வலது.”

“வலி இடது. அப்ப அவருக்கும் தெரியாது. நல்ல ஆளுதான் அங்கிள் நீங்க.” சிரித்துவிட்டு, துண்டு ஒன்றைக் காலில் மாட்டி இழுத்துக் காட்டினார், படுக்கையிலிருந்து இறங்குமுன் இப்படிப் பத்து முறை. கண்ணாடிப் புட்டியைப் பாதத்தின்கீழ் உருட்டச் சொன்னார். கடற்பஞ்சுபோன்ற ஒன்றைக் குதிகால் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். “இது செருப்புக்குள்ள. வெறுங்காலோட ஏறும்போது ஒண்ணும் செய்ய முடியாது. யாரு கையயாவது பிடிச்சுக்குங்க.”

“அது முடியாது.”

“ஏன் முடியாது?”

சொன்னேன்: “பார்ப்பார்கள்.”

6

பெரிய வியாழன் மாலை ஐந்தரை மணிப் பூசை. ஜூலியனுக்கு வேலை, ஐரீனுக்குத் தலைவலி. தனியாகப் பேருந்து மாறிப் போனேன். பக்க அறையில் பன்னிருவரும் காலணிகளைக் கழற்றினோம். ஒன்பது பேர் என் மகன் வயதினர். ஆரோக்கியம் கையில் பட்டியலோடு எங்களை வரிசைப்படுத்திவிட்டுப் படியோரமாகப் போய் நின்றார்.

கோவில் நிறைந்திருந்தது. கல் தரை குளிர்ந்திருந்தது. நடுவழியில் நாற்பதடி, முகத்தை அசைக்காமல் நடந்துவிட்டேன். முதல் படியில் வலக்காலை வைத்து இடக்காலைச் சேர்த்தேன். இரண்டாம் படியில் இடக்கால் நழுவி முழுப் பாரமும் குதியில் இறங்கியது. நின்றுவிட்டேன். எனக்கு முன் இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். பின்னே ஒன்பது பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னே, நான் முப்பத்து நான்கு ஆண்டுகளாக எதையும் தெரியவிடாமல் வாழ்ந்துவந்த முழுப் பங்கு மக்களும்.

கீழே விழுவதா, கேட்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

“ஆரோக்கியம்,” என்றேன். “வலிக்கிறது. கை கொடும்.”

அவர் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தார். மூன்றாம் படி ஏறினேன். நாற்காலியில் அமர்ந்து, மக்களை ஏறிட்டுப் பார்த்தேன். ஒரு தாய் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவில் இருவர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தனர். முன்வரிசைப் பெரியவர் கொட்டாவி விட்டார். எவரும் என்னைப் பார்க்கவில்லை. அன்று மட்டுமல்ல, பத்தொன்பது ஆண்டுகளாகவே பார்த்திருப்பார்களா என்று எனக்கு ஐயம் வந்துவிட்டது. பங்குத்தந்தை என் வலப்பாதத்தில் நீர் வார்த்துத் துடைத்து, அடுத்தவரிடம் நகர்ந்தார்.

பூசை முடிந்ததும் ஆரோக்கியத்திடம் போய், படியேற முடியாதவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதி எனக்கும் பொருந்தும், மூன்றாம் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுங்கள் என்றேன். பூசை முழுதும் சேர்த்து வைத்த சொற்கள் அவை.

“அதுக்கென்ன சார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலிகளை அடுக்கப் போனார். பன்னிரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளினார்கள். எது மூன்றாவது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

7

பேருந்து நிறுத்தத்தில் லாசர் கைத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இதற்குள் போயிருப்பார்.

“என்ன வே, குதிகாலா?” என்றார்.

“பார்த்தீரா?”

“கடைசி வரிசையில இருந்து வேற என்ன பாக்க? கார்த்திகையிலயே தெரியும். பஸ்ஸ விட்டு நீரு எறங்குற சீரப் பாத்தாத் தெரியாதாக்கும்.”

“ஏன் கேட்கவில்லை?”

“கேட்டா சொல்லிக் கிழிச்சிருப்பீரு.”

அருகில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். சாலையின் மறுபக்கம் கடைகளில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். கூட்டத்தில் நான் சொன்ன சொல்லுக்கு இரண்டாண்டுகளாக ஒரு வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன், சீரான வாக்கியம், எழுவாயும் பயனிலையும் சரியாக இருக்கும். அது வாய்க்கு வரவில்லை.

“உம்ம இடுப்பு எப்படி இருக்கு லாசர்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல வே.”

தொலைவில் என் பேருந்து திரும்புவது தெரிந்தது. கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எழுந்திருக்கப் போனவன், உட்கார்ந்தேன்.

“எப்படி இருக்கு லாசர்?”

அவர் கைத்தடியின் முனையைத் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவது நின்றது. “ராத்திரி புரள முடியல,” என்றார். பிறகு மேலும் சொல்லத் தொடங்கினார். பேருந்து வந்து, நின்று, கதவைத் திறந்து, மூடி, போயிற்று.